கிடார் கேள்வி பதில்: ஆறாம் கம்பியைக் கழட்டலாமா?

இந்த மாசம் வந்த கடுதாசியிலயும் வாட்சப்லயும் பாதிக்கு மேல ஓபன் டியூனிங் பத்திதான், அதுலயும் ராமநாதபுரம் கடக்கரைப் பக்கத்துலேர்ந்து வந்ததே அதிகம், அதனால இந்தத் தடவ வேற எதையும் தொடல. கம்பி நம்பர் சொல்லும்போது ஒண்ணாம் கம்பின்னா கீழ இருக்க மெல்லிசு, ஆறாம் கம்பின்னா மேல இருக்க தடிசு, அடிக் கம்பின்னு சொன்னா சுரம் கீழ இருக்க தடிசுக் கம்பி, மேல மூணு, மேல நாலுன்னு சொன்னா சுரம் மேல இருக்க மெல்லிசுக் கம்பிங்க, இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

கேள்வி: அண்ணே, எங்க ஊரு கோயில் பாடகர் குழுவுல ரொம்ப நாளா கிடார் வாசிக்கிறேன். சி, ஜி, டி, ஏ மைனர் எல்லாம் சரளமா வரும். ஆனா ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி ராக் பாட்டு எடுத்தா கார்டு சரியா இருந்தும் அந்த சவுண்டு வரவே மாட்டேங்குது. ஓபன் டியூனிங்னு சொல்றாங்களே, அது என்ன? டியூனர், ஆப் எதுவும் இல்லாம பண்ண முடியுமா?
(தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, உங்க காது சரியாத்தான் சொல்லுது, கார்டு அதேதான், கம்பி வரிசைதான் வேற. நாம சாதாரணமா வைக்கிற டியூனிங் தடிசுலேர்ந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. எதையும் பிடிக்காம ஒரு தட்டு தட்டுனா அது எந்தக் கார்டும் கிடையாது. ஓபன் டியூனிங்கில கம்பிய முறுக்கி வச்சிருக்க விதத்துலயே ஒரு கார்டு உக்காந்திருக்கும், இடது கையே வேணாம், தட்டுனா முழு கார்டு. ஸ்டோன்ஸோட கீத் ரிச்சர்ட்ஸ் 1960-கள் கடைசிலேர்ந்து அதிகம் வாசிச்சது ஓபன் ஜி, அதாவது தடிசுலேர்ந்து டி, ஜி, டி, ஜி, பி, டி.

இப்ப டியூன் பண்றதுக்கு வருவோம், இதுக்கு ஆப்பே வேணாம். நாலாம் கம்பி, மூணாம் கம்பி, ரெண்டாம் கம்பி மூணையும் தொடாதீங்க, அது ஏற்கனவே டி, ஜி, பி-லதான் இருக்கு. ஒண்ணாம் கம்பிய நாலாம் கம்பியோட சேத்து மீட்டிக்கிட்டே மெதுவா இறக்குங்க, ரெண்டும் ஒரே சுரம் ஆனா ஒண்ணாம் கம்பி ஒரு ஸ்தாயி மேல. கிட்ட வரும்போது "வாவ் வாவ்"னு ஒரு அலை அடிக்கும் பாருங்க, அது வேகம் குறைஞ்சு குறைஞ்சு அப்படியே நின்னு போச்சுன்னா சேந்துருச்சுன்னு அர்த்தம். அதே மாதிரி ஆறாம் கம்பிய இறக்கி நாலாம் கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழ வைங்க, அஞ்சாம் கம்பிய இறக்கி மூணாம் கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழ. அவ்வளவுதான், மூணு கம்பி இறக்கம், மூணும் ஒவ்வொரு முழு டோன், அதாவது ரெண்டு ஃப்ரெட் அளவு. சந்தேகமா இருந்தா 12-ம் ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பிய லேசா தொட்டு ஹார்மோனிக் எடுங்க, அஞ்சாம் கம்பி ஹார்மோனிக்கும் மூணாம் கம்பி சும்மா மீட்டுறதும் ஒண்ணா இருக்கணும்.

ஜி-யை சட்ஜமா வச்சு இந்த டியூனிங்க பாருங்க: ப, ஸ, ப, ஸ, க, ப. வீணை தெரிஞ்சவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா காட்டுங்க, தடிசுலேர்ந்து முதல் நாலு கம்பியப் பாத்ததும் சிரிச்சிருவாங்க, ஏன்னா வீணையில அனுமந்தரம் ப, மந்தரம் ஸ, பஞ்சமம் ப, சாரணி ஸ, அப்படியே இதே வரிசை. அதுக்கு மேல ஒரு காந்தாரமும் ஒரு பஞ்சமமும் சேத்தா ராக் கிடாரோட ஓபன் ஜி. எங்கயோ லண்டன்ல இருக்க விஷயம்னு நெனச்சு பயப்பட வேண்டியதே இல்ல, நம்ம காதுக்கு இது பழகின வரிசை. அமெரிக்காவுல பாஞ்சோவுக்கும் காலங்காலமா இதே ஜி டியூனிங்தான், அதுலயும் கடைசி நாலு கம்பி டி, ஜி, பி, டி.

ஆறாம் கம்பிய ரிச்சர்ட்ஸ் கழட்டியே போட்டுட்டாரு, அஞ்சு கம்பியிலதான் வாசிப்பாரு. காரணம் எளிசு. ஓபன் ஜி-ல கார்டோட பேரு சொல்ற சுரம், அதாவது ஸ, அஞ்சாம் கம்பியிலதான் இருக்கு. ஆறாம் கம்பி அதுக்கும் கீழ ஒரு பஞ்சமத்த போட்டு கும்முனு அடைச்சிரும், பேஸ் கிடார்காரர் வேற இருந்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துரும். உடனே கழட்டணும்னு இல்ல, முதல்ல கட்டை விரல மேலேர்ந்து வளைச்சு ஆறாம் கம்பிய தொட்டு ஊமையாக்கி வாசிச்சுப் பாருங்க, பிடிச்சிருந்தா கழட்டுங்க.

இப்ப அந்த சவுண்டு. 5-ம் ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல் ஒண்ணாலயே அஞ்சு கம்பியயும் படுக்கப் போட்டு அழுத்துங்க, இது சி மேஜர். அந்த விரல எடுக்காம நடு விரல ரெண்டாம் கம்பி 6-ம் ஃப்ரெட்லயும், மோதிர விரல நாலாம் கம்பி 7-ம் ஃப்ரெட்லயும் வைங்க. ஒண்ணாம் கம்பிய விட்டுட்டு அடிச்சா இப்ப அது எஃப் மேஜர், ஆனா அடியில சி அப்படியே நிக்குது. அந்த ரெண்டு விரலயும் வச்சு எடுத்து வச்சு எடுத்து, சி-க்கும் எஃப்-க்கும் ஆடிக்கிட்டே இருங்க. 1981-ல வந்த 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டோட ஆரம்பம் முழுக்க இந்த ஆட்டம்தான், அப்புறம் இதே கைய அப்படியே 3-ம் ஃப்ரெட்டுக்கு இறக்கினா பி ஃப்ளாட். சாதாரண டியூனிங்கில இத பண்ணப் போனா ஒவ்வொரு தடவயும் கைய தூக்கி வேற ஷேப் போடணும், நடுவுல சத்தம் அந்து போயிரும். இங்க அடிக் கம்பி விடாம பாடிக்கிட்டே இருக்கு, மேல ரெண்டு சுரம் மட்டும் ஏறி இறங்குது. நீங்க தேடுற சவுண்டு அதுதான் தம்பி.

ஆனா ஒண்ண கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. இடது கை இவ்வளவு லேசாயிட்டா வேலை முழுக்க வலது கைக்குப் போயிருது. அஞ்சு கம்பியயும் ஒவ்வொரு அடியிலயும் அடிச்சீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல கேக்குறவங்களுக்கு சலிச்சிரும். ஒரு அடி அடிக் கம்பி ரெண்டு மட்டும், அடுத்தது மேல மூணு மட்டும், ஒரு அடி படுத்திருக்க விரல லேசா தூக்கி "சக்"னு ஊமையா, ஒரு அடி ஒண்ணுமே அடிக்காம விட்டுறணும். எந்தக் கம்பிய அடிக்காம விடுறோம்ங்கிறதுலதான் கார்டு ஸ்டைலே இருக்கு. இனி வர்ற பதில்லயும் இதையேதான் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: எனக்கு விரல் சின்னது, எஃப் மேஜர் பார் கார்டு (ஒரே விரலால எல்லாக் கம்பியயும் அழுத்திப் பிடிக்கிறது) இன்னும் சுத்தமா வரல. ஓபன் டியூனிங் வச்சா ஒரு விரலே போதும்னு கேள்விப்பட்டேன். எங்க சார் கிட்ட கேட்டா அது குறுக்கு வழி, அதுல போனா நீ கத்துக்கவே மாட்டேங்கிறாரு. அப்படியா?
(உச்சிப்புளி, பிளஸ் டூ மாணவி)

பதில்: இல்லம்மா. கனடாவுல பொறந்த ஜோனி மிட்செலுக்கு சின்ன வயசுல போலியோ வந்து இடது கை பலம் குறைஞ்சிருச்சு, சாதாரண டியூனிங்கில சில ஷேப் அவங்களுக்கு கஷ்டம், அதனால டியூனிங்க மாத்தி மாத்தி வச்சு தனக்குன்னு புதுசு புதுசா டஜன் கணக்குல கண்டுபிடிச்சாங்க, அந்தக் கார்டெல்லாம் வேற யாருக்கும் தோணாத கார்டு. அத யாரும் குறுக்கு வழின்னு சொல்ல மாட்டாங்க.

உங்க சார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் கேட்டுக்கங்க. ஒரே விரல மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டிருந்தா எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேக்கும், அதோட தான் என்ன கார்டு வாசிக்கிறோம்னே தெரியாமப் போயிரும். அதனால ஓபன் ஜி வச்சீங்கன்னா சும்மா விட்டா ஜி, 2-ம் ஃப்ரெட்ல ஏ, 3-ல பி ஃப்ளாட், 5-ல சி, 7-ல டி, 10-ல எஃப், 12-ல மறுபடி ஜி, இத வாயால சொல்லிக்கிட்டே நகருங்க. அப்புறம் சும்மா ஜி, 10-ல எஃப், 5-ல சி, திரும்ப ஜி, இந்த நாலு இடத்த சுத்திச் சுத்தி வாங்க, உலகத்துல பாதி ராக் பாட்டு இந்த சுத்துலதான் ஓடுது. ஹரிகாம்போதி கேட்டுப் பழகின காதுக்கு அந்த எஃப் எங்கேர்ந்து வருதுன்னு உடனே புரியும், கைசிகி நிஷாதம்தான் அது.

எஃப் பார் கார்டையும் விட்டுறாதீங்க, சார் கிட்ட அத தொடர்ந்து பண்ணுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.

கேள்வி: காக்கா, ஓபன் ஜி வச்சு கொஞ்ச நாளா வாசிக்கிறேன், ஜாலியா இருக்கு. ஆனா சோகப் பாட்டு எதுவுமே வரல, எங்க தொட்டாலும் மேஜர்தான். மைனர் கார்டு இதுல கிடையாதா?
(கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இருக்கு தம்பி, தேடணும். டியூனிங்கிலயே காந்தாரம் ஒண்ணு (ரெண்டாம் கம்பி, பி) பெரிய காந்தாரமா உக்காந்திருக்குல்ல, அதனாலதான் விரல படுக்கப் போட்டா எல்லாமே மேஜர். அந்த ஒரு கம்பிய மட்டும் ஒரு ஃப்ரெட் பின்னால இழுத்தா மைனர் ஆயிரும். ஏ மைனர் வேணும்னா அஞ்சு, நாலு, மூணு, ஒண்ணு இந்த நாலு கம்பியும் 2-ம் ஃப்ரெட், ரெண்டாம் கம்பி மட்டும் 1-ம் ஃப்ரெட். விரல் பத்தலன்னா அஞ்சாம் கம்பிய விட்டுருங்க, மேல நாலு போதும். இ மைனர் இன்னும் சுலபம், நாலாம் கம்பி 2, ஒண்ணாம் கம்பி 2, நடுவுல இருக்க மூணும் ரெண்டும் சும்மா, அஞ்சாம் கம்பிய அடிக்காதீங்க. ரெண்டே விரல். இந்த ரெண்டு மைனரையும் சும்மா விட்ட ஜி-யோடயும், நாலாம் கம்பி 2, ரெண்டாம் கம்பி 1, ஒண்ணாம் கம்பி 2-ன்னு பிடிக்கிற சி-யோடயும் சேத்தா நாலு கார்டு ஆச்சு, மெதுவான பாட்டு நிறைய வாசிக்கலாம்.

ஆனா பாட்டு முழுக்க மைனர்லயே நிக்குதுன்னா ஓபன் ஜி-யோட மல்லுக்கட்டாதீங்க, டியூனிங்கயே மாத்துங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது டாட்காட். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. ஆறாம் கம்பி ஒரு டோன் இறக்கம், ரெண்டாம் கம்பி ஒரு டோன், ஒண்ணாம் கம்பி ஒரு டோன், மத்தது அப்படியே. டி-யை ஸ-ன்னு வச்சா ஸ, ப, ஸ, ம, ப, ஸ. காந்தாரமே இல்ல பாருங்க! மேஜரா மைனரான்னு கம்பி முடிவு பண்றதில்ல, நீங்க வைக்கிற விரல்தான் முடிவு பண்ணுது. இங்கிலாந்துல டேவி கிரஹாம் 1960-கள் ஆரம்பத்துல இத பிரபலப்படுத்தினாரு, அப்புறம் லெட் செப்லின் ஜிம்மி பேஜ் எடுத்து 1975-ல 'காஷ்மீர்'ல வச்சாரு, அது வெறும் நாட்டுப்புறப் பாட்டு டியூனிங் இல்ல, மலை மாதிரி ராக்கும் இதுல வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சது அப்பதான்.

இதுல வாசிக்கிற விதத்துக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன், மீதிய நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. ஆறாம் கம்பியும் நாலாம் கம்பியும் ரெண்டுமே டி, ஒரு ஸ்தாயி வித்தியாசம். அதனால ரெண்டையும் ஒரே ஃப்ரெட்ல பிடிச்சா ஒரே சுரம் ரெண்டு ஸ்தாயியில கேக்கும். நடுவுல இருக்க அஞ்சாம் கம்பிய விரலோட முனையால தொட்டு ஊமையாக்கிருங்க, மேல மூணு கம்பிய சும்மா விடுங்க. இப்ப 3-ம் ஃப்ரெட், 5-ம் ஃப்ரெட், 7-ம் ஃப்ரெட்னு அந்த ரெண்டு விரலயும் நகத்துங்க. மேல ஜி, ஏ, டி தம்புரா மாதிரி நின்னுக்கிட்டே இருக்கும், கீழ ராகம் நகரும். 3-ம் ஃப்ரெட்ல நிக்கும்போது வர்ற சின்ன காந்தாரத்த கேளுங்க, நீங்க கேட்ட சோகம் அங்க இருக்கு.

கேள்வி: டியூனிங் மாத்த மாத்த கம்பி அந்து போகுது, போன வாரம் இ டியூனிங் வைக்கும்போது மூணாம் கம்பி மூஞ்சிக்கு நேரா தெறிச்சிருச்சு. அதோட கம்பி வாங்கி மாட்டி பத்து நாள்ல துரு. வீடு கடலப் பாத்து இருக்கு. என்ன பண்றது?
(பாம்பன்)

பதில்: முதல்ல தெறிச்ச கதை. ஓபன் இ-ன்னா இ, பி, இ, ஜி ஷார்ப், பி, இ. இதுல அஞ்சாம், நாலாம் கம்பிய ஒரு முழு டோன் ஏத்தணும், மூணாம் கம்பிய அரை டோன். ஒரு டோன் ஏத்துனா கம்பியில இழுவை சுமார் 26 சதவீதம் கூடுது, அரை டோனுக்கு 12 சதவீதம். துரு ஏறின கம்பி அத தாங்காது. அதனால ஏத்தவே வேணாம். ஓபன் டி வைங்க, டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆறு, ரெண்டு, ஒண்ணு ஒரு டோன் இறக்கம், மூணு அரை டோன் இறக்கம். அப்புறம் 2-ம் ஃப்ரெட்ல கேப்போ (எல்லாக் கம்பியயும் சேத்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்பு) மாட்டுனா அதுவே ஓபன் இ. இதே மாதிரி ஓபன் ஜி-க்கு 2-ல கேப்போ போட்டா ஓபன் ஏ. கம்பியும் தப்பிச்சது, கிடார் கழுத்தும் தப்பிச்சது, மூஞ்சியும் தப்பிச்சது.

இறக்கி வைக்கிறதுலயும் ஒரு தொல்லை இருக்கு, ஒரு டோன் இறக்குனா இழுவை அஞ்சுல ஒரு பங்கு போயிரும், கம்பி தொளதொளன்னு ஃப்ரெட்ல உரசி "ஜிர்"ருங்கும். எலக்ட்ரிக்ல மெல்லிசான 9 செட் போட்டிருந்தீங்கன்னா கொஞ்சம் தடிச்ச 10-க்கோ 11-க்கோ மாறுங்க. கம்பி ஏறி இறங்கும்போது "டிக் டிக்"னு நட்டுல (கழுத்தோட தலைப்பக்கம் கம்பி உக்காந்து போற காடிப் பட்டை) சிக்குற சத்தம் கேட்டா, நட்டு காடியில 2பி பென்சில் முனைய நல்லா தேச்சு விடுங்க, அந்தக் கிராஃபைட் போதும், வழுக்கிக்கிட்டுப் போகும். சுருதிக்கு வரும்போது எப்பவும் கீழேர்ந்து மேல வந்து நிறுத்துங்க, மேலேர்ந்து இறக்கி நிறுத்துனா கொஞ்ச நேரத்துல இன்னும் இறங்கிரும். முடிஞ்சா பழைய கிடார் ஒண்ண ஓபன் டியூனிங்குக்குன்னே ஒதுக்கி வைங்க, தினம் ஏத்தி இறக்குறதுதான் கம்பிக்கு எமன்.

துருவுக்கு வருவோம். உங்க ஊர்ல அது காத்துலயே வருது, ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா தள்ளிப் போடலாம். உப்பு ஈரத்த இழுத்து கம்பி மேலயே வச்சுக்கும், நிக்கல் பூச்சுல எங்க சின்னக் கீறல் இருந்தாலும் உள்ள இருக்க இரும்புக்குப் போயிரும். உங்க கிடார்ல பாலத்துக்கிட்ட (பிரிட்ஜ்) கம்பி உக்காந்திருக்க இடத்த பாருங்க, அங்கதான் முதல்ல செம்பழுப்பா புள்ளி புள்ளியா வரும், தெறிக்கிறதும் பெரும்பாலும் அங்கதான். வாசிச்சு முடிச்ச உடனே காஞ்ச பருத்தித் துணியால கம்பிக்கு மேல மட்டும் இல்லாம துணிய அடியில விட்டும் இழுத்துத் துடைங்க, விரல் வேர்வையிலயும் உப்புதானே. அப்புறம் சுவத்துல மாட்டாதீங்க, அழகா இருக்கும், ஆனா ஜன்னல் வழியா வர்ற கச்சான் காத்து அத தின்னுரும். ஜிப் வச்ச உறையில போட்டு, செருப்பு டப்பா, மருந்து டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்ச உள்ள போடுங்க. வாடைக் காத்து மாசத்துல அந்தப் பொட்டலத்த அடிக்கடி மாத்தணும். பிளாஸ்டிக் பூச்சு போட்ட கோட்டட் கம்பி வெல கூட, ஆனா கடக்கரை வீட்டுக்கு அதுதான் கணக்குப் பாத்தா லாபம்.

இதுல இன்னொண்ணு. துரு ஏறின கம்பிக்கு நீளம் முழுக்க ஒரே எடை இருக்காது, சும்மா மீட்டுனா சுருதி சேரும், 12-ம் ஃப்ரெட்ல சேராது. சாதாரண டியூனிங்கில இது பெருசாத் தெரியாது, ஓபன் டியூனிங்கில ஒரே விரல் எல்லாக் கம்பியயும் ஒரே ஃப்ரெட்ல அழுத்துறதால அப்பட்டமா காட்டிக் கொடுத்துரும். கார்டு தப்பா இருக்கோன்னு நீங்க தேடிக்கிட்டிருப்பீங்க, தப்பு கம்பியில இருக்கும்.

கேள்வி: நாங்க நாலு பேரு சேந்து ராக் பேண்டு ஆரம்பிச்சிருக்கோம். டிஸ்டார்ஷன் பெடல் போட்டு ஓபன் ஜி வாசிச்சா ஒரே இரைச்சல், என்ன கார்டுன்னே தெரியல. பெடல் மட்டமா?
(தொண்டி)

பதில்: பெடல் நல்லாத்தான் இருக்கும், கெயின், அதாவது சத்தத்த கிழிய வைக்கிற திருகு, அதிகமா இருக்கு. டிஸ்டார்ஷனுக்குள்ள ரெண்டு சுரம் ஒண்ணா போனா அதுங்களோட கூட்டலும் கழித்தலுமா புதுசு புதுசா சுரம் முளைக்கும். ஸ-வும் ப-வும் மட்டும் போனா முளைக்கிறதும் அந்தக் குடும்பத்துலயே இருக்கும், அதனாலதான் ஹெவி மெட்டல்காரங்க பவர் கார்டோட நிறுத்திக்கிறாங்க. காந்தாரம் உள்ள போன உடனே முளைக்கிறது கண்டதும் கடியதுமா ஆயிரும். ஓபன் ஜி-ல ஒவ்வொரு கார்டுலயும் காந்தாரம் இருக்கு, அதான் இரைச்சல்.

கெயின பாதிக்கும் கீழ இறக்குங்க, வால்யூமக் கூட்டிக்கங்க. ஓங்கி அடிச்சா லேசா கிழியணும், மெதுவா அடிச்சா சுத்தமா கேக்கணும், அந்த இடத்துல நிறுத்துங்க. ராக்னாலே முழு டிஸ்டார்ஷன்னு நெனைக்கிறோம், ஆனா அந்தக் கால ரெக்கார்டுகள கவனிச்சுக் கேளுங்க, நீங்க நெனச்சதுல பாதி கூட இருக்காது, அடிதான் பலமா இருக்கும்.

இன்னொரு வேலையும் பண்ணலாம். ஃப்ரெட் கணக்குல வர்ற காந்தாரம் இயற்கையான காந்தாரத்த விட சுமார் 14 சென்ட் கூட, சென்ட்னா அரை டோன்ல நூறுல ஒரு பங்கு. டியூனர்ல பி-ன்னு பச்சை விளக்கு எரிஞ்ச பிறகு ரெண்டாம் கம்பிய ஒரு மயிரிழை இறக்கி, சும்மா ஜி-யத் தட்டிக் கேளுங்க, அந்த அலை அடங்கி கார்டு ஒரே கட்டையா நிக்கும். கச்சேரி கேட்டு வளந்த காது இத சட்டுனு பிடிச்சுக்கும். ரொம்ப இறக்கிறாதீங்க, கீபோர்டுகாரர் கூட வாசிக்கும்போது இடிக்கும். பேண்டுல ரெண்டு கிடார் இருந்தா ஒருத்தர் ஓபன் ஜி, ஒருத்தர் சாதாரண டியூனிங்கில அடிக் கம்பி பவர் கார்டு, ரெண்டு பேரும் ஒரே இடத்துல அடிக்காம மாத்தி மாத்தி இடம் விடுங்க.

கேள்வி: ஸ்லைடு வாசிக்க ஆசை. ஸ்லைடு கடையில கிடைக்கல. வேற எதுல பண்ணலாம்?
(தேவிபட்டினம்)

பதில்: ஸ்லைடுன்னா விரல்ல மாட்டி கம்பி மேல வழுக்கி நகத்துற குழாய்தானே, அதுக்கு கடையே வேணாம். ஆல்மன் பிரதர்ஸ் பேண்டு டுவான் ஆல்மன் ஓபன் இ-ல வாசிச்சது ஒரு சின்ன கண்ணாடி மாத்திரை பாட்டில மோதிர விரல்ல மாட்டிக்கிட்டுத்தான். விரலுக்கு ஏத்த தடிச்ச கண்ணாடி பாட்டில் கிடைச்சா போதும், இல்லன்னா லேத் பட்டறையில ஸ்டெயின்லெஸ் பைப்ல ரெண்டரை இன்ச் வெட்டி விளிம்ப நல்லா மழுக்கித் தரச் சொல்லுங்க, விளிம்பு கூரா இருந்தா கம்பியும் போகும் விரலும் போகும்.

சுண்டு விரலோ மோதிர விரலோ, எதுல மாட்டுனாலும் கம்பிய ஃப்ரெட் வரைக்கும் அழுத்தாதீங்க, தொட்டா போதும். நிறுத்துற இடம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல, ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல இல்ல. ஸ்லைடுக்குப் பின்னால ஆள்காட்டி விரல் கம்பிய லேசா தொட்டுக்கிட்டே வரணும், இல்லன்னா பின்பக்கக் கம்பியும் சேந்து சலசலக்கும். மத்தபடி நீங்க சித்திரவீணை கேளுங்க, அதுவும் ஃப்ரெட் இல்லாம மேல உருட்டி வாசிக்கிறதுதான். ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு எவ்வளவு நேரம் எடுத்துப் போறாங்க, எங்க நின்னு அசைக்கிறாங்கன்னு கவனிங்க. ஸ்லைடு வாசிக்கிறவங்க பல பேரு போற வழிய மட்டும் பாத்துட்டு சேர்ற இடத்த விட்டுறாங்க, சுரத்துல வந்து உக்காரலன்னா அது வெறும் ஊளை.

கேள்வி: திருவிழா மேடையில கம்பிய பிடிச்சுக்கிட்டு மைக்குல வாய் வச்சா உதட்டுல ஷாக் அடிக்குது. கிடார் கெட்டுப் போச்சா?
(மூக்கையூர்)

பதில்: கிடார் நல்லா இருக்கு, எர்த்து இல்ல. இத விளையாட்டா எடுத்துக்காதீங்க தம்பி, உயிர் போற விஷயம். ஆம்ப்ளிஃபயரும் மைக் மிக்சரும் வேற வேற லைன்ல, ஒண்ணுல எர்த்து அந்து போயி இருக்கும், நடுவுல உங்க உடம்பு வயரு வேலை பாக்குது. மேடைக்கு ஒரே போர்டுலேர்ந்து லைன் எடுக்கச் சொல்லுங்க, ஜெனரேட்டர்னா அதுக்கும் எர்த்து அடிச்சிருக்கணும், மூணு பின் பிளக்குல எர்த்து பின்ன வெட்டிட்டு சொருகுறத யாரையும் பண்ண விடாதீங்க. கரண்ட் கசிஞ்சா 30 மில்லி ஆம்ப்ல தானா விழுற சுவிட்ச், ஆர்.சி.சி.பி-ம்பாங்க, அது ஒண்ணு போர்டுல இருக்கான்னு எலக்ட்ரீசியன கேளுங்க. இதெல்லாம் சரி பண்ற வரைக்கும் நீங்க மேடை ஏறாதீங்க, ஒரு பாட்டு போனா போகட்டும்.

கேள்வி: நான் விசைப்படகுல வேலை பாக்குறேன். தடைக்காலம் 61 நாளும் சும்மாதான் இருப்பேன், அந்த நேரத்துல ஓபன் டியூனிங் முழுசா கத்துக்கணும்னு ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்க? வலை இழுத்து கை காய்ச்சுப் போயிருக்கு, விரல் மடங்கும்போது கொஞ்சம் முரடா இருக்கு, சரி வருமா?
(மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமா வரும் அண்ணே. உங்களுக்கு காப்பு காய்ச்சிருக்கது உள்ளங்கையிலயும் விரல் மடிப்புலயும், கிடாருக்கு வேண்டியது விரல் நுனியில, அது தனியா வரணும். அதனால முதல்ல நுனி வலிக்கத்தான் செய்யும், பயப்படாதீங்க. கை தண்ணியில ஊறி இருக்கும்போது வாசிக்காதீங்க, தோல் மெத்துனு இருக்கும், கம்பி கிழிச்சிரும். நல்லா காஞ்ச பிறகு உக்காருங்க.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் நேரம் இருக்குல்ல, அதனால அவசரமே படாதீங்க. ஓபன் ஜி மட்டும் போதும், மத்த டியூனிங் பக்கமே போகாதீங்க. ஆரம்பத்துல கொஞ்ச நாளைக்கு இடது கைய மடியில வச்சுக்கங்க. சும்மா ஜி-ய மட்டும் வச்சு வலது கைக்கு வேலை குடுங்க, கீழ அடி, மேல அடி, உள்ளங்கைய பாலத்துக்கிட்ட சாச்சு அமுக்கி அடி, ஒரு அடி விட்டு அடி. அமுக்கி அடிக்கிறப்ப கை ஓரத்த கம்பி பாலத்த விட்டு வெளிய வர்ற அந்த இடத்துலயே வைக்கணும், ஒரு விரல் அகலம் முன்னால வந்தாக்கூட சத்தமே செத்துரும், பின்னால போனா அமுங்காது. அந்த இடத்த கை தானா கண்டுபிடிக்கிற வரைக்கும் அதையே பண்ணுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சலிச்சுப் போனாலும் பரவால்ல.

அது நின்ன பிறகு 5-ம் ஃப்ரெட்ல விரல படுக்கப் போட்டு நான் தங்கச்சிமடம் தம்பிக்கு சொன்ன சி, எஃப் ஆட்டம். அப்புறம் ஏ மைனர், இ மைனர். போன்ல ரெக்கார்டு பண்ணி மறுநா காலையில கேளுங்க, வாசிக்கிறப்ப தெரியாதது கேக்குறப்ப தெரியும், முக்கியமா எந்தக் கம்பி வேணாத இடத்துல அடிபடுதுன்னு. கோயில்ல, கல்யாணத்துல கீபோர்டுகாரர் சுதி மாத்துனாருன்னா பதறாதீங்க, கேப்போவ நகத்துங்க, 2-ல போட்டா ஏ, 3-ல பி ஃப்ளாட், 5-ல சி, கை ஷேப் எதுவும் மாறாது.

தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போறப்ப கிடார பழைய டியூனிங்குக்கு ஏத்தி வைக்கணுமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம், ஓபன் ஜி-லயே இருக்கட்டும், இழுவை குறைச்சல்தான், கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. கம்பிய துடைச்சு உறையில போட்டு கட்டில் மேல படுக்கப் போட்டுட்டுப் போங்க, ஓட்டு வீடா இருந்தா ஓட்டுக்குக் கீழ பரண்ல மட்டும் வைக்க வேணாம், அந்த வெக்கைக்கு பாலத்துப் பசை விட்டுரும்.